கச்சானும் 200 புள்ளியும்: டெரியரைக் கீழ்ப்படிவுப் போட்டிக்குப் பழக்குதல்

[காட்சி: கல்லடிக் கடற்கரை, காலை ஐந்தே முக்கால். ஈர மணலில் ஒரு குழி. குழிக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் ஒரு வெள்ளை வால்.]

அந்த வாலின் சொந்தக்காரன் பெயர் கச்சான். ஜாக் ரஸல் டெரியர். முதுகு வறுத்த கச்சான் (நிலக்கடலை) நிறம், ஓட்டம் ஆடி மாதக் கச்சான் காற்று. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த நேரத்தில் அவன் குழிக்குள் இருக்கவே கூடாது. 35 அடி தூரத்தில் நான் நிற்கிறேன், ஒரு முறைதான் கூப்பிட்டேன். நேராக ஓடிவந்து என் கால் விரலுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார வேண்டியவன், பாதி வழியில் ஒரு நண்டைக் கண்டுவிட்டான். கதை அங்கேயே முடிந்தது.

இன்றைய வீடியோ இந்த 35 அடியைப் பற்றியது.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் பாணியில் வரைந்த படங்கள்.]

கீழ்ப்படிவுப் போட்டி என்றால் நாயின் அழகைப் பார்ப்பது அல்ல. சொன்னதைச் செய்கிறதா, எவ்வளவு துப்புரவாகச் செய்கிறது என்பதற்குப் புள்ளி. அமெரிக்காவில் இதைத் தொடக்கி வைத்தவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி. அவர் வளர்த்தது பூடில். மயிரைக் கத்தரித்துப் பூச்செண்டு மாதிரி நிற்கும் நாய்க்கு மூளை எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் 1933இல் நியூயோர்க் பக்கம் ஒரு போட்டி நடத்தினார். வந்தவை எட்டே எட்டு நாய்கள். 1936இல் அமெரிக்கன் கெனல் கிளப் என்ற நாய் அமைப்பு அதை விதிமுறையோடு ஏற்றுக்கொண்டது. சாதி நாய் இல்லாத கலப்பு நாய்களுக்கு அங்கே கதவு திறந்தது 2010இல்தான். நம் ஊர் நாய்களைப் பார்த்திருந்தால் முன்பே திறந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தொடக்க நிலையில் மொத்தம் 200 புள்ளி. தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஒன்றில் கோட்டை விட்டு இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. கயிற்றோடு பக்கத்தில் நடப்பதற்கு 40, கயிறு இல்லாமல் நடப்பதற்கு 40, நடுவர் தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்பதற்கு 30, அந்த 35 அடி தூரத்திலிருந்து கூப்பிட்டால் வருவதற்கு 30. மீதி, சொன்ன இடத்தில் இருப்பதற்கு. அரைப் புள்ளி அரைப் புள்ளியாக வெட்டுவார்கள். நாய் கோணலாக உட்கார்ந்தால் வெட்டு, முந்திப் போனால் வெட்டு, பிந்தினாலும் வெட்டு. போட்டிக் களத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக முடியாது.

இந்தப் போட்டிகளில் பெயர் வாங்குபவற்றில் பல மந்தை மேய்க்கும் நாய்கள். டெரியரைக் கூட்டிக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "பாவம்" என்கிற சிரிப்பு.

[காட்சி: தரைக்குக் கீழே வளை. ஒரு முனையில் நரி, மறு முனையில் சின்ன நாய். மேலே மண்வெட்டியோடு ஒரு மனிதர்.]

டெரியருக்கு மூளை குறைவு என்று யாரும் சொன்னால் இந்தப் படத்தைக் காட்டுங்கள். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேய்ச்சல் நாய் மேய்ப்பனின் கையையும் விசிலையும் பார்த்துப் பார்த்து வேலை செய்யும். டெரியரின் வேலை மண்ணுக்கு அடியில், இருட்டில், நரிக்கு முன்னால். மேலே நிற்கிற எசமானைக் கேட்டுக்கொண்டு இருந்தால் மூக்கு போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜோன் ரஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழியில் வந்தவன்தான் என் கச்சான். தானாக முடிவெடுக்கும் நாய் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, இப்போது அவனைப் பார்த்து "சொல்வழி கேட்கவில்லை" என்றால் எப்படி?

டெரியரை வழிக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. அவன் ஆசைப்படும் வேலையையே அவனுக்குச் சம்பளமாகக் கொடுப்பது.

உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1950களின் கடைசியில் சொன்ன விஷயம் இது: மிகவும் விரும்பிச் செய்யும் வேலையை, அவ்வளவு விருப்பமில்லாத வேலைக்குப் பரிசாக்கலாம். நம் அம்மாமாருக்கு இதைப் பிரீமாக் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "புட்டைத் தின்று முடி, பிறகு பந்தடிக்கப் போ" என்பதும் அதுதான்.

[காட்சி: மீண்டும் கடற்கரை. பத்து மீற்றர் நைலோன் கயிறு மணலில் இழுபடுகிறது.]

சரி, நண்டுக்கு வருவோம். அவன் குழியில் தலையை விட்டதும் நான் முதலில் செய்துகொண்டிருந்தது, "இங்கால, இங்கால, டேய் இங்கால" என்று ஏழெட்டுத் தரம் கத்துவது. அதில் அவன் படித்த பாடம், இங்கால என்பது கடற்கரையில் கேட்கும் ஒரு சத்தம், அலை மாதிரி. இப்போது அவன் நெஞ்சுப்பட்டியில் நீளக் கயிறு கட்டியிருக்கிறேன். ஒரு முறை கூப்பிடுவேன். வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு கயிற்றை மிதித்து, அவனைக் குழியிலிருந்து விலக்கி, இன்னும் கிட்ட நின்று தொடக்கத்திலிருந்து. வந்து முன்னால் உட்கார்ந்தானா? உடனே "தோண்டு!" என்று சொல்லி நானே அவனோடு அந்த நண்டுக் குழிக்கு ஓடுவேன். இருவரும் தோண்டுவோம். நண்டு ஒரு நாளும் அகப்பட்டதில்லை, நண்டுக்கும் சேதமில்லை.

மூன்று கிழமை கழித்து அவன் பாதி வழியில் நண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னிடம் வந்தான். என்னைக் கடந்துதான் குழிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

ஆனால் இந்த விளையாட்டைக் கடற்கரையோடு வைத்துக்கொள்ளுங்கள். படுவான்கரைப் பக்கம் வயல் வரம்பில் உள்ள பொந்துகளில் தோண்ட விடவேண்டாம். உள்ளே எலி இருந்தால் எலிக்காய்ச்சல், எலியைத் தேடி வந்த பாம்பு இருந்தால் அதைவிட மோசம். விசர்நாய்த் தடுப்பூசி போடும்போதே எலிக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

[காட்சி: வளவு, கிணற்றடி. கையில் நீளக் காம்புள்ள சிரட்டை அகப்பை.]

அடுத்தது பக்கத்தில் நடப்பது. ஜாக் ரஸலின் உயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர்தான். நான் ஆறடிக்குக் கிட்ட. இறைச்சித் துண்டு கொடுக்க ஒவ்வொரு முறையும் குனிந்தால் என் தோள் திரும்பும், அவன் என் முகத்தைப் பார்க்க வெளியே விலகுவான், உட்காரும்போது பின்பக்கம் கோணிக்கொள்ளும். அரைப் புள்ளி, அரைப் புள்ளி, அரைப் புள்ளி.

அதற்குத்தான் அகப்பை. அவித்த கோழி ஈரலை மசித்து அகப்பையின் உட்பக்கம் ஒரு நகக்கண் அளவு தடவுகிறேன். காம்பை இடது தொடையோடு ஒட்டிப் பிடித்தால் அகப்பை சரியாக அவன் மூக்குக்கு நேரே நிற்கும். நான் நிமிர்ந்து நடக்கிறேன். இரண்டடி ஒழுங்காக வந்தால் ஒரு நக்கு. பிறகு நாலடிக்கு ஒன்று, பத்தடிக்கு ஒன்று. கடைசியில் அகப்பை முதுகுக்குப் பின்னால் போய்விடும், அவன் அது வரும் என்ற நம்பிக்கையிலேயே நடப்பான்.

வேலிக்கு அங்கால் நின்ற மாமி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "என்ன மனே, நாய்க்கு அகப்பையால புட்டா தீத்துறீங்க?"

[காட்சி: கரும்பலகையில் சொற்கள்.]

தமிழில் பழக்குபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஆங்கிலத்தில்தான் கட்டளை சொல்ல வேண்டும் என்று ஒன்றுமில்லை, நாய்க்குச் சத்தம்தான் கணக்கு. ஆனால் சத்தத்தைப் பார்த்துப் பொறுக்குங்கள். நான் முதலில் வைத்த சொற்கள்: படு, எடு, விடு. எழுதிப் பார்த்தால் மூன்று வேலை. நாயின் காதுக்கு மூன்றுமே "டு". படு என்றால் வாயிலிருந்ததைத் துப்புவான், விடு என்றால் படுத்துக்கொள்வான். பிழை அவனுடையது அல்ல. இப்போது "படு" மட்டும் மிச்சம். எடுத்து வருவதற்குக் "கொண்டா", கையில் தருவதற்குத் "தா".

"வா"வும் அப்படித்தான். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை எத்தனை தரம் "வா" என்கிறோம்? அது தேய்ந்துபோன சொல். அதனால்தான் "இங்கால".

வெயிலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. விடிய ஆறு மணிக்கு முன் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். நாய் மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கும், வாவிக்கரைப் புழுக்கத்தில் அது சரிவராது. பின்னேரம் என்றால் மணலில் புறங்கையை ஏழு விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். நான் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான் பழக்குவேன், அவனுக்கு இன்னும் வேண்டும் என்று இருக்கும்போதே நிறுத்திவிடுவேன்.

[காட்சி: வளவில் கயிறு கட்டிய சதுரம். கதிரையில் கொப்பியோடு ஒரு பிள்ளை.]

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு போட்டி நடந்து நான் பார்த்ததில்லை. அதனால் போன மாதம் வீட்டிலேயே ஒன்று வைத்தேன். நடுவர் மாமியின் பேத்தி, ஓ எல் எழுதப் போகிற பிள்ளை. விதிமுறை முழுவதையும் வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையோடு வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

கயிற்றோடு நடந்தது 36. தொட்டுப் பார்த்தது 28½, அவள் கையை ஒருமுறை நக்கியதற்கு வெட்டு. கயிறில்லாமல் 35, அதில் இரண்டு புள்ளி நான் குனிந்ததற்கு. இருக்கச் சொன்ன இடத்தில் இருந்ததற்கு முதல் தடவை முழு 30. இரண்டாம் தடவை பக்கத்து நாய் குரைக்க இவனும் ஒரு பதில் சொன்னான், 28½.

கூப்பிடுவது கடைசி. 35 அடியை அவளே அளந்தாள். கையைக் காட்டினாள். நான் "இங்கால" என்றேன். கச்சான் கிளம்பினான், நல்ல வேகம், நேர் கோடு. அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக் கட்டில் ஒரு அணில் இறங்கியது. அவன் தலையைத்தான் திருப்பினான், கால் நிற்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு பதறி "இங்கால!" என்று இன்னொரு முறை வாயில் வந்துவிட்டது.

அவன் வந்து என் கால் விரலுக்கு முன்னால் நேராக உட்கார்ந்தான்.

[காட்சி: கொப்பியின் பக்கம், கிட்டத்தில். கடைசி வரியில் சிவப்பில் ஒரு சுழியம், பக்கத்தில் அவள் கையெழுத்து: "நாய் சரி. மாமா ரெண்டு தரம் கூப்பிட்டார்."]