டைனமோவைக் கழற்றுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் எல்லாம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் முதலில் வருகிற தீர்ப்பு, "டைனமோ போச்சு, மாத்திடுங்க". பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரைத்தான் நாம் பேச்சுவழக்கில் டைனமோ என்கிறோம். அதை மாற்றச் சொல்வது, நம் ராமநாதபுரம் கடற்கரையில் கடைசியாகச் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அதற்கு முன்னால் பெல்ட்டையும், ஒயர் இணைப்புகளை அரிக்கும் உப்பையும் விசாரிக்க வேண்டும்.

பெல்ட்டைத் தொடுவதற்கு முன் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். தோளில் கிடக்கும் துண்டையும் கழற்றி வைத்துவிடுங்கள். மாருதி 800-இல் ஒரே பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் லூஸ். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஹெட்லைட் போட்டதும் கீச்சென்று கத்துவது பெரும்பாலும் இதனால்தான். சோப்புத் தேய்ப்பது, மெழுகு தடவுவது எல்லாம் சத்தத்தை மறைக்கும், வழுக்கலை நிறுத்தாது. கத்துகிறதே என்று நெம்புகோல் போட்டு முறுக்கி வைப்பதும் தவறு. டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புது பெல்ட் போட்டும் வழுக்குகிறதா? புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். வி பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அடியில் உட்காரக் கூடாது. பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி போலப் பளபளத்தால், பெல்ட் அடியில் உரசுகிறது, புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள். 2017-இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, அந்த மணற்காற்றுக்குள் தினமும் போய்வரும் வண்டிகளில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் அந்தப் புல்லி அதையும் தின்றுவிடும். எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டில் ஊறியிருந்தாலும் இதே கதைதான். கசிவை அடைக்காமல் பெல்ட் மாற்றுவது வீண் செலவு.

சரி, பெல்ட் நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்தான், வண்டியிலேயே போட்டு வையுங்கள். சில மணி நேரம் நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் என்றால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் 13.8-இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட பிறகும் 13-க்குக் கீழே விழக் கூடாது. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து ஆசிட் வெளியே வரும், உடனே கவனியுங்கள்.

ஏறவில்லை என்றால்தான் உப்பு விசாரணை. மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் தடித்த ஒயர் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். எஞ்சின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். இடையில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், டைனமோ தருகிற கரண்ட் வழியிலேயே தொலைகிறது. அடுத்து எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே இதே சோதனை. கடற்கரையில் இந்த இரண்டாவது சோதனையை ஒருபோதும் விடக் கூடாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் துருவும் பச்சைப் பூப்புமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வேஸ்லின் தடவுங்கள். தடவிய பிறகு இறுக்குவதைவிட இறுக்கிய பிறகு தடவுவதே சரி. பல வண்டிகளில் விஷயம் இதோடு முடிந்துவிடும்.

டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட்டை யாரும் மதிப்பதில்லை. சாவி போட்டதும் அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் டைனமோவை எழுப்புகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் டைனமோ தூங்கிக்கொண்டே இருக்கும். இருபது ரூபாய் பல்புக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், தாராளமாகக் கழற்றுங்கள். அப்போதும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றி "அணையுதா பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்தக் காலத்து நிஜ டைனமோவில் செய்த பழக்கம் அது. இப்போதைய ஆல்டர்நேட்டரில் ஒரு நொடி வோல்ட்டேஜ் எகிறி, கரண்ட்டை ஒரே பக்கமாக விடும் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் சிவப்பு லைட் எரிந்தால்? டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். அதுவும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது, வாட்டர் பம்ப் நின்றுவிட்டது. மெதுவாகப் பாலத்தை விட்டு இறங்கி, ஓரமாக நிறுத்துங்கள். மண்டபம் வரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் ஹெட் கேஸ்கட் செலவு வரும். முள் ஏறாமல் லைட் மட்டும் எரிந்தால் ஓட்டலாம். ஆனால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஹெட்லைட்டோடு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பகலிலேயே வீடு சேருங்கள்.

கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கார் மாதக்கணக்கில் உறை போட்டு நிற்கும். அவர்களுக்கு ஒன்று: ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு ஒழுகுகிறது, பேட்டரியை இரவெல்லாம் உறிஞ்சுகிறது. ஊருக்குப் போகும்போது மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போதுதான்! நன்றி, வணக்கம்.