மடிப்புக் கரவனும் கிறவல் றோட்டும்

வணக்கம் நேயர்களே. அவுஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் நான் வைத்திருந்த மடிப்புக் கரவனைப் பற்றி, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற, மடிக்கக்கூடிய சின்ன வண்டி வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு அதன் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: இந்தச் சின்னப் பெட்டிக்குள் எப்படிப் படுப்பது?

மூடியிருக்கும்போது அது நெஞ்சு உயரப் பெட்டிதான். கூரை இரண்டு பாதி. ஒன்று முன்பக்கமும் மற்றது பின்பக்கமும் பிணைச்சலில் நிற்கும். கொண்டியைக் கழற்றித் தள்ளினால் வில்லு உதவியோடு இரண்டும் எழும்பி உச்சியில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உள்ளே படுத்திருக்கும் முக்கோணச் சுவர்களை நிமிர்த்திப் பூட்டினால் அறை தயார். துணி என்று ஒன்றும் இல்லை. அதன் அருமை மழையில்தான் தெரியும். துணிக் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்கு வந்து விரித்துக் காயப்போட வேண்டும். இதைக் கொட்டுகிற மழையிலும் மடித்துக்கொண்டு புறப்படலாம். காற்றுக்குத்தான் பயம். பாதி எழும்பிய கூரை சோளகத்தில் அகப்பட்டால் பட்டம் மாதிரி இழுக்கும், பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

இனி எடைக்கு வருவோம். இந்த வண்டியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. பெரிய கரவன் இரண்டு தொன்னைத் தாண்டும்போது இது வெறுமையாக 700, 800 கிலோவுக்குள் நிற்கும். சாதாரணக் காரே இழுக்கும், மணலிலும் குறைவாகவே புதையும். ஆனால் வெறும் எடையை நம்பி ஒருவரும் பயணம் போவதில்லை. 750 கிலோ வண்டிக்கு மொத்தம் 1000 கிலோ வரை அனுமதி என்றால் உங்கள் பங்கு 250 கிலோ. தண்ணீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ போய்விட்டது. பற்றரி, காஸ் சிலிண்டர், மேலதிகச் சில்லு, குளிர்சாதனப் பெட்டி என்று ஏற்றினால் இன்னொரு 100 கிலோ சத்தமில்லாமல் ஏறும். நம்மவர்கள் புறப்பட்டால் இடியப்ப உரலும் புட்டுப் பானையும் இல்லாமல் விடுவார்களா? மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன்னால் காரோடு பூட்டும் கொழுக்கியில் விழவும் வேண்டும். பாரத்தைப் பின்னால் அடுக்கினால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். அந்த நாட்டுச் சட்டப்படி, ஏற்றிய பாரத்தோடு 750 கிலோவுக்கு மேற்பட்ட ரெயிலருக்குத் தனி பிறேக் வேண்டும்.

கரடுமுரடான பாதையில் முதலில் அடிவாங்குவது அடிச்சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கொண்டியும் திருகாணியும்தான் முதலில் போகும். கிறவல் றோட்டில் வரிவரியாகக் கிடக்கும் மேடுபள்ளம் மணிக்கணக்காக உதறி ஒவ்வொன்றாகக் கழற்றும். அதனால்தான் இரவு தங்கும் இடத்தில் திருகாணி முடுக்கும் ஒரு சாவியோடு வண்டியைச் சுற்றி வருவது வழக்கமாகிறது. ரயர்க் காற்றை இறக்கினால் அந்த உதறல் குறையும். மணலுக்கு 20 இறாத்தல் வரை இறக்குவார்கள், தார் றோட்டில் ஏறியதும் மறக்காமல் நிரப்ப வேண்டும். இன்னொரு தொல்லை புழுதி. முன்னால் போகும் வாகனம் கிளப்பும் செம்புழுதி, கூரை சேரும் இடுக்கால் உள்ளே வந்து தலையணை வரை படியும். கூரையில் முன்னோக்கித் திறக்கும் ஒரு சின்னக் காற்றுவாய் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடிப் புழுதி வருவது குறையும்.

நம் பக்கத்தில் இது ஓடுமா? மணற்காட்டுச் சவுக்கங்காட்டுப் பக்கம், வடமராட்சி கிழக்குக் கரையோரம் எல்லாம் ஓடும். உப்புக்காற்று பிணைச்சலைத் தின்றுவிடும், திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஆனால் முகமாலை போன்ற இடங்களில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தில், பாதையை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம்.

இங்கேயே செய்யலாமா என்று கேட்கிறார்கள். உழவு இயந்திரப் பெட்டி செய்கிற பட்டறைக்கு அடிச்சட்டம் பெரிய வேலையில்லை. ஆனால் அவர்கள் கை பழகியது தடித்த இரும்பில். சுவருக்கு நடுவில் நுரைப்பலகையும் இருபுறமும் மெல்லிய அலுமினியமும் வேண்டும். ஒட்டுப்பலகை போட்டால் பாரம், மாரியில் ஊதியும் விடும். செய்ய நினைப்பவர் முதலில் சட்டத்தையும் அச்சையும் மட்டும் முடித்துத் தராசில் ஏற்றிப் பார்க்கட்டும். அதுவே 300 கிலோவைத் தாண்டினால் மேலே கட்டத் தொடங்க வேண்டாம். நன்றி, வணக்கம்.