மதியம் ஒரு மணிக் கச்சேரி

(எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மார்கழித் தொடக்கக் கூட்டத்தில் பேசியது. பேசிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் நிறைய இருக்கிறது. நான் இன்றைக்குப் பேச வந்ததும் காலி நாற்காலிகளைப் பற்றித்தான்.

போன டிசம்பரில் ஒரு நாள் வேறு வேலையாக மயிலாப்பூர் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, சாப்பாட்டு நேரம், பக்கத்தில் ஒரு சபா, கச்சேரி நடத்துகிற சங்கீத அரங்கம். உள்ளே போய் உட்கார்ந்தேன். மேடையில் இருபது வயது இருக்கும் ஒரு பெண், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், மிருதங்கக்காரப் பையனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. முன்னூறு பேர் உட்காரக்கூடிய இடத்தில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் அந்தப் பெண்ணின் அப்பா அம்மா, அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பெண் காம்போதி ராகத்தை எடுத்தாள். அவசரமே இல்லாமல், ஏதோ அரங்கம் நிறைந்து வழிகிற மாதிரி, ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போய் மேல் சட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நின்றாள் பாருங்கள், எனக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி வந்தேன். அதே சபா வாசலில் டிக்கெட் வரிசை தெரு வரைக்கும் நின்றது. நடுவில் ஐந்து மணி நேரம்தான் வித்தியாசம்.

அந்தப் பதினான்கு பேர் என் மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் சங்கத்தில் கேட்டு இந்த அரை மணி நேரத்தை வாங்கினேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த சங்கீத சீசன் ஏன் டிசம்பரில் வருகிறது? மார்கழி புனிதமான மாதம், அதனால் என்று நாம் சொல்லிவிடுவோம். அதுவும் உண்மைதான், விடியற்காலையில் திருப்பாவை முப்பதும் திருவெம்பாவை இருபதும் பாடுகிற வழக்கம் சபாக்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழிக் காலையில் பஜனை பாடிக்கொண்டு போவார், கூடவே ஊரும் நடக்கும். அதற்கு டிக்கெட் ஏது, மேடை ஏது. ஆனால் நாம் சீசன் என்று சொல்கிற இந்தக் கச்சேரி வரிசைக்கு இன்னொரு வேர் இருக்கிறது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தது. அந்தக் காலத்தில் காங்கிரஸ் மாநாடுகள் டிசம்பர் கடைசியில்தான் கூடும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீதிமன்றம் மூடியிருக்கும், வக்கீல்களுக்கு ஓய்வு கிடைக்கும். அந்த மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்து பிறந்ததுதான் 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமி. பின்னாளில் அதன் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் டிசம்பரிலேயே நிலைத்துவிட்டன, மற்ற சபாக்களும் அதே மாதத்தில் வந்து சேர்ந்துகொண்டன. ஆக இது ஆண்டாளும் மாணிக்கவாசகரும் கொடுத்த மாதம், கிறிஸ்துமஸ் விடுமுறை கொடுத்த நாட்கள். எனக்கு இந்தச் சேர்க்கை ரொம்பப் பிடிக்கும். யாருக்கும் தனி உரிமை இல்லாத விழா என்று இதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

உரிமை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். சென்னையிலேயே தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் போதவில்லை என்று கேட்டுத்தான் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னால் நின்றார், இன்றைக்கும் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் மார்கழிக்கு இசை விழா நடக்கிறது. 2020-லிருந்து நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவை நடத்துகிறது, பறையும் கானாவும் ஒப்பாரியும் அதே மார்கழிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. பொங்கலை ஒட்டி 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் கலை விழா, இடையில் நின்று, 2023-ல் மறுபடி பூங்காவுக்கும் மைதானத்துக்கும் வந்தது. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று பட்டியலில் சேர்த்ததே, அந்தப் பெயர் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மதியக் கச்சேரிக்கு வருகிறேன். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பெரும்பாலான சபாக்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கச்சேரி நடக்கும். மதியம் இளைய கலைஞர்கள், நாலு மணிக்குக் கொஞ்சம் வளர்ந்தவர்கள், ஆறு ஆறரைக்கு மேல் பெரிய வித்வான்கள். சாயங்காலத்துக்குத்தான் டிக்கெட். மதியம் பெரும்பாலும் இலவசம், வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், செருப்பை எங்கே விடுவது என்பதுதான் ஒரே கவலை. நம்மில் பல பேர் சபா என்றால் பட்டுப்புடவையும் தெரிந்த மனிதர்களும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனதே இல்லை. போங்கள். போட்டிருக்கிற துணியோடு போங்கள்.

அந்த மேடைக்கு வருகிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொண்டு வருகிறவர்கள். கல்லூரியையோ வேலையையோ விட்டுவிட்டு வந்து பாடுகிறார்கள். மதிய மேடையில் கிடைக்கிற பணம் ஆட்டோவுக்கே சரியாகப் போய்விடும், தன் கைப்பணத்தைப் போட்டுப் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். இது தப்பு என்று மேடை ஏறி நான் சொல்லத் தயார். பணம் கொடுப்பது சபாக்கள் கையில் இருக்கிறது. ஆள் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. இன்றைக்கு ஆறரை மணிக்கு அரங்கம் நிறைக்கிற எல்லாரும் ஒரு காலத்தில் இந்த மதிய வெயிலில் பதினான்கு பேருக்குப் பாடியவர்கள்தான், அவர்களை அப்போது உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்ததால்தான் தொடர்ந்து பாடினார்கள்.

"எனக்கு ராகம் தெரியாதே" என்று கேட்பீர்கள். எனக்கும் முதல் நாலைந்து வருஷம் ஒன்றும் தெரியாது. கச்சேரிக்கு ஒரு வடிவம் இருக்கிறது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள்: முதலில் வர்ணம், அப்புறம் சின்னதும் பெரிதுமாகச் சில கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, அதாவது விரிவாகப் பாடுகிற பாட்டு, கடைசியில் துக்கடாக்கள் என்கிற லேசான சின்னப் பாட்டுகள். அந்தப் பெரிய உருப்படியில் பாடகர் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவார், அதற்கு நிரவல் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் வரி அதேதான், வழி வேறு. அதை மட்டும் கவனியுங்கள், முதல் நாளுக்கு அது போதும்.

இன்னொரு வேண்டுகோள், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பித்ததும் எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள். அடை அவியலும் காபியும் எங்கேயும் ஓடிப்போகாது. அதுவரைக்கும் இரண்டு மணி நேரம் பாடகருக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த மிருதங்கத்துக்கு அப்போதுதான் பேச வாய்ப்பு வருகிறது. கடமோ கஞ்சிராவோ இருந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்வார், அந்தக் கேள்வி பதில் வர வரச் சின்னதாகிக்கொண்டே போகும், குறைப்பு என்பார்கள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மோரா, கோர்வை என்கிற முடிப்புச் சொற்கட்டுகளோடு வேகமெடுத்து, பாடகர் விட்ட இடத்தில், வரி தொடங்குகிற அதே எடுப்பில், அச்சுப் பிசகாமல் கொண்டுவந்து இறக்குவார்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டீர்களானால் உடம்பு சிலிர்க்கும். போன வருஷம் அந்தப் பையன் தனி வாசிக்கும்போது பதினான்கு பேரில் ஆறு பேர் எழுந்து போனார்கள். அவன் தலை நிமிரவே இல்லை. வாசித்தான்.

நம் தெரு விழாவுக்கு வருகிறேன். சங்கத்தில் இரண்டு யோசனை ஓடுகிறது, ஒன்று மெல்லிசைக் குழு, இன்னொன்று வழக்கமான போட்டிகள். இரண்டும் இருக்கட்டும், கோலப் போட்டியை நானே நடத்துகிறேன். ஆனால் முதல் நிகழ்ச்சியாக ஒரு நாகஸ்வர, தவில் செட் வேண்டும் என்று கேட்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. நாகஸ்வரக்காரர்களுக்குக் கல்யாணம்தான் சோறு. ஊரெல்லாம் இசை விழா நடக்கிற மாதத்தில் அவர்களுக்கு வருமானம் குறைகிறது. சபாக்களில் விழா தொடங்கும்போது மங்கள இசை என்று அழைக்கிறார்கள், பாதிப் பேர் அப்போது இடம் பிடித்துக்கொண்டும் செல்போன் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். தோடி ராகம் என்றாலே நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்று ஒரு தலைமுறையே சொன்னது, இன்னொரு நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா 1998-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கினார், அப்படிப்பட்ட வாத்தியத்தை வரவேற்பு மணி மாதிரி வைத்திருக்கிறோம். திறந்த வெளிக்காகவே பிறந்த வாத்தியம் அது, மைக்கே வேண்டாம், நம் தெரு போதும். ஒரு மணி நேரமாவது முழுக் கச்சேரியாக, நாம் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, நடுவில் யாரும் மைக்கைப் பிடுங்கி அறிவிப்பு செய்யாமல், ஒரு ராகத்தை அவர்கள் விரும்புகிற அளவுக்கு வாசிக்க விட வேண்டும். பேசின தொகையை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும், சாப்பாடும் போட வேண்டும். இதற்கு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், கூட்டம் முடிந்ததும் அவரைப் பாருங்கள்.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. நான் மதியக் கச்சேரிக்குப் போகிறேன், யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிறேன். பதினொன்றே முக்காலுக்கு நம் கேட் வாசலில் நிற்பேன், பஸ்ஸில்தான் போகிறோம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், சத்தம் போட்டால் வெளியே அழைத்துப்போய்த் திரும்ப அழைத்து வரலாம், அதொன்றும் குற்றமில்லை. ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஏசி அதிகம். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன் வரிசையில் உட்காருவோம்.