வெளியிலிருந்து வந்தவருக்கும் இலை உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் கட்சிக்குள் நடக்கும் வாக்கெடுப்புகளான பிரைமரிகளில் கட்சி விசுவாசிக்கே முதலிடம் என்பது எதிரணியின் வாதம். வெளியிலிருந்து வருபவருக்கும் அந்த உரிமை உண்டு என்பது எங்கள் வாதம்.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு போடு போட்டார். "பந்தல் போட்டவன் பசியோடு நிற்க, நேற்று வந்தவன் முதல் பந்தியில் தலைவாழை இலை கேட்கிறான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அந்தப் பந்தியில் விசுவாசிகள் மட்டுமே பரிமாறிய நாளில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 1968-இல் வியட்நாம் போரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி செனட்டர்களான யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் மாநிலம் மாநிலமாகச் சென்று வாக்குக் கேட்டார்கள். ஜூன் மாதம் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. வெளியே தெருவில் இளைஞர்கள் தடியடி பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நவம்பரில் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் நிக்சன் வென்றார். அதற்குப் பிறகுதான் வாக்காளர் சொல்லுக்கு மதிப்புத் தரும்படி கட்சி தன் விதிகளைத் திருத்தியது. ஆகவே, வெளியாள் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. கட்சியே திறந்து வைத்த வாசல் வழியாக வந்தார்.

அப்படி வந்தவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்தவர்தான். ஆனாலும் வாஷிங்டனில் அவரை அறிந்தவர் சிலரே. தான் அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போவதாகத் தம் தாயார் லில்லியனிடம் அவர் சொன்னபோது, அந்த அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: "எதற்குத் தலைவர்?" ஆங்கிலத்தில் 'பிரசிடென்ட்' என்றால் நாட்டின் அதிபரும் ஆகலாம், சங்கத்தின் தலைவரும் ஆகலாம். பெற்ற தாய் கேட்கிறார் ஐயா! நிலக்கடலை விவசாயியான மகன் ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவராகப் போகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, நாட்டுக்கே என்று அவருக்குத் தோன்றவில்லை. தாய்க்கே தோன்றாதது கட்சிப் பெரியவர்களுக்கு எப்படித் தோன்றும்? அயோவா மாநிலத்தின் சாதாரண மக்களுக்குத் தோன்றியது. அவர்களுடைய வீடுகளில் தங்கி, தம் படுக்கையைத் தாமே மடித்து வைத்து வாக்குக் கேட்ட அவர், 1976 ஜனவரியில் அங்கே நடந்த கட்சியின் வேட்பாளர் தேர்வில் வேட்பாளர்களுள் முதலாவதாக வந்தார்.

வெளியாளுக்கு விசுவாசம் இராது என்கிறார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளராக விரும்பியவர்கள் 2015-இல் கிளீவ்லாந்து நகரில் நடத்திய விவாதத்தில், யார் வேட்பாளரானாலும் ஆதரிப்பேன் என்று உறுதி தர மறுத்து டிரம்ப் மட்டும் கையுயர்த்தியது உண்மைதான். அந்தக் கையைப் பார்த்த பிறகும் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. சுயேச்சை செனட்டரான பெர்னி சாண்டர்ஸோ, 2016-இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிகளில் தோற்ற பிறகு, ஹிலாரி கிளின்டனை வேட்பாளராக அறிவிக்கும்படி மாநாட்டில் தாமே முன்மொழிந்தார். தம் ஆதரவாளர்கள் கண்கலங்கி நிற்க, அதைச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

விசுவாசம் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் வேறு. 1976-இல் கார்ட்டருக்காக, தம் கைக்காசைச் செலவழித்து, ஜார்ஜியாவிலிருந்து குளிர் மிகுந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் போன எளிய மனிதர்கள். 'கடலைப் படை' என்று பெயர் பெற்ற அவர்கள், பழகாத பனியில் வீடு வீடாக நடந்து, முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்டி, "இவர் எங்கள் ஊர்க்காரர், நல்லவர், நம்புங்கள்" என்று மன்றாடினார்கள். பந்தல் போட்டவர்கள் அவர்களும்தான், நடுவர் அவர்களே. அந்தப் பனியில் நடந்த கால்களை மனத்தில் வைத்து எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.