ஸ்பானிய மொழியில் நிறச்சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் சிவப்புச் சட்டை என்றாலும் சிவப்புச் சேலைகள் என்றாலும் ‘சிவப்பு’ என்னும் சொல் மாறுவதில்லை. ஸ்பானிய மொழியிலோ நிறச்சொல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வந்து, அந்தப் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்றுக்கொள்கிறது. காரைக் குறிக்கும் ‘கோச்சே’ ஆண்பால் என்பதால் சிவப்புக் கார் ‘கோச்சே ரோஹோ’; வீட்டைக் குறிக்கும் ‘காசா’ பெண்பால் என்பதால் சிவப்பு வீடு ‘காசா ரோஹா’; வீடுகள் பலவானால் ‘காசாஸ் ரோஹாஸ்’. பச்சையாகிய ‘வெர்தே’யும் நீலமாகிய ‘அசுல்’லும் பாலுக்கு மாறாமல் பன்மைக்கு மட்டும் மாறும்.

இதுவரை என் மாணவர்கள் விரைவாகவே வந்துவிடுகிறார்கள். இளஞ்சிவப்பைக் குறிக்கும் ‘ரோசா’ வரும்போதுதான், அது ‘ஆ’ என்று முடிவதைப் பார்த்து, ஆண்பால் பெயருக்கு ‘ரோசோ’ என்று தாங்களாகவே ஒரு சொல்லை ஆக்கிவிடுகிறார்கள். ரோசா என்பது ரோஜாப்பூவின் பெயர். நாம் கத்தரிப்பூ நிறம் என்பதைப் போலப் பூவின் பெயரே அங்கே நிறமாகியிருக்கிறது, ஆகையால் ‘கோச்சே ரோசா’ என்பதே சரி. ஆரஞ்சுப் பழத்தின் பெயரான ‘நரான்ஹா’வும் இவ்வாறே. பன்மையில் இவை மாறாமலும் நிற்கலாம், ‘ஸ்’ ஏற்றும் வரலாம்.

ஒருமுறை ஒரு மாணவி வெளிர்நீலப் பாவாடையை ‘ஃபால்தா அசுல் கிளாரா’ என்று எழுதியிருந்தார். பாவாடை பெண்பால்தானே என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. விதியை மதித்ததால் வந்த பிழை அது. வெளிர்மை பாவாடைக்கு உரியதன்று, நீலத்துக்கு உரியது; நிறங்களின் பெயர்கள் ஆண்பால் என்பதால் ‘அசுல் கிளாரோ’ என்றே எழுத வேண்டும்.

சில சேர்க்கைகளை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்வதே வழி: சிவப்பு ஒயினுக்கு ரோஹோ வராது, ‘வீனோ தின்தோ’ என்பார்கள், பழுப்புக் கூந்தலுக்குக் ‘கஸ்தான்யோ’.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘வெர்தே’. ஆப்பிளைச் சுட்டி ‘எஸ் வெர்தே’ என்றால் அதன் நிறமே பச்சை. வினையை மட்டும் மாற்றி ‘எஸ்தா வெர்தே’ என்றால் அது பெரும்பாலும் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்படும். பச்சைக்காய் என்று பேசிப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே பச்சை இறைச்சிக்கும் வெர்தே என்று சொல்லிவிடக் கூடாது. வேகாத இறைச்சி அவர்களுக்குக் ‘கார்னே க்ரூதா’. அங்கே அந்தச் சொல் நிறத்தைக் குறிப்பதில்லை.