உங்கள் கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது? அதை நோய் ஆராய்ச்சிக்கு இரவல் தரும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்தைப் பார்ப்போம்.

[காட்சி: திரையில் புள்ளிகள் தெளித்த ஒரு சதுர வரைபடம்.]

இந்தப் படம் நம்ம ஊரில் போட்டது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. முழங்கை பின்பக்கம் மடங்காத மாதிரி அதுவும் இஷ்டத்துக்கு மடங்காது, அணுக்கள் முட்டிக்கொள்ளும். எந்தக் கோணம் சரிப்படும், எது சரிப்படாது என்பதைச் சொல்கிறது இந்த 'ராமச்சந்திரன் வரைபடம்'.

சரி, கோணம் தெரிந்தால் போதுமா? போதாது. புரதம் நெளிந்துகொண்டே இருக்கும். அப்படி நெளிகையில் கண நேரம் திறந்து மூடும் பள்ளம்கூட மருந்து போய் உட்காரும் இடமாகலாம். அதைப் பிடிக்க, ஒரு நொடியைப் பல கோடி கோடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அணுவும் எங்கே நகர்கிறது என்று கணக்குப் போட வேண்டும்.

[காட்சி: உலக வரைபடம். வீடுகளில் விளக்குகள் எரிகின்றன.]

இந்த வேலையை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பங்குபோட்டுத் தருவதுதான் ஃபோல்டிங் அட் ஹோம். 2000-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கியது. கொரோனா வந்தபோது பத்து லட்சம் பேருக்கும் மேல் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து கணக்குப் போட்டது எவ்வளவு தெரியுமா? வைரஸ் புரதங்களின் அசைவில் 0.1 நொடி!

சிரிப்பு வரலாம். ஆனால் கொரோனா வைரஸின் மேல் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பதும், சோதனைக்கூடப் படங்களில் சிக்காத பள்ளங்களும் அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள்தான் தெரிந்தன. 2021-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

[காட்சி: வீட்டு மின்மீட்டர், கிட்டத்தில்.]

இப்போது ஈபி பில்லுக்கு வருவோம். இது இலவசம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் 200 வாட் இழுக்கிறது, தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 1.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 96 யூனிட். நம் வீடுகளில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஏற்கெனவே 450-ல் நிற்கும் வீடு என்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஏசி அறையில் ஓட்டினால் இன்னும் மோசம்: கம்ப்யூட்டர் கக்கும் சூட்டை வெளியே தள்ளவும் நீங்களேதான் காசு கொடுக்கிறீர்கள்.

அதனால் என் கட்சி இது: மார்கழி, தை இரவுகளில் தாராளமாக ஓட்டுங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திவிடுங்கள். நன்கொடை என்றால் நம்மால் முடிந்ததுதானே.

[காட்சி: செயலியின் அமைப்புகள் பக்கம்.]

செயலியை ஃபோல்டிங் அட் ஹோமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். புற்றுநோய், அல்சைமர் என்று எந்த நோய்க்கு உழைக்க விருப்பம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 'சும்மா இருக்கும்போது மட்டும்' என்ற தேர்வை முதலில் போடுங்கள். பேட்டரியில் ஓட விடாதீர்கள். நடுவில் கரன்ட் போனாலும் கவலை வேண்டாம், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு. தாண்டினால் அதை வேறொருவரின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். எனவே ஊருக்குக் கிளம்புவதற்கு முன், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிற்கும்படி சொல்லுங்கள், அதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

அப்புறம், ஆபீஸ் லேப்டாப்பில் போடுவதற்கு முன் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.