பூசலார் எங்கள் அணிதான்!

(தலைப்பு: பழங்கோயிலுக்குப் போகும் பயணியை ஆட்கொள்வது பக்தியா, கலையா? "கலையே" என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பக்தி அணி அண்ணன் ஒரு குத்து குத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "டார்ச் லைட்டோட கோயிலுக்கு வர்றது ரெண்டே பேருதான். ஒருத்தர் வாட்ச்மேன், இன்னொருத்தர் திருடர். இந்தக் கலை ரசிகர்கள்ல யாரும் வாட்ச்மேன் இல்லையே!" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அண்ணே, கைதட்டலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை மட்டும் என்னிடம் கொடுங்கள்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போவோம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. பாரம் தாங்கும் அடி வரிசைகளில் கருங்கல், மேலே எழுவது மணற்கல். மணற்கல் உளிக்கு இணங்கும், மழைக்கும் உப்புக்கும் இணங்கிவிடும். கையால் தடவினாலே மணல் உதிர்கிற இடங்கள் அங்கே உண்டு. அதனால்தான் தொடாதே என்கிறோம், தூணில் சாயாதே என்கிறோம். பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சிற்பங்களின்மேல் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசினார்கள். பல உருவங்களின் முகம் அந்தப் பூச்சில் உப்பிப்போய் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "பல்லவச் சிற்பிக்கு முகம் வராது போல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாவம் அவன்! பூச்சு உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள், அவன் வெட்டிய கன்னம் அங்கே இருக்கிறது.

அதைத் தேடத்தான் விளக்கு. நேராக முகத்தில் அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பிடித்து, ஒளியைச் சுவர்மேல் வழியவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு உளிக்கோடும் தன் நிழலோடு எழுந்து வரும். காலைச் சாய்வெயில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறது, ஆகவே நடை திறந்ததும் போய்விடுங்கள். உச்சி வெயிலில் நிழல் இருக்காது, நடையும் சாத்தியிருக்கும். திருச்சுற்றில் வரிசையாக 58 சிற்றாலயங்கள். அவற்றில் சிலவற்றில் பல்லவர் ஓவியத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஃபிளாஷ் வேண்டாம், விரலும் வேண்டாம். அண்ணே, திருடன் எடுக்கத்தான் வெளிச்சம் பிடிப்பான். கலை ரசிகன் பார்க்கப் பிடிக்கிறான்.

திருடன் என்றதும் நினைவு வருகிறது. அந்தக் கோயிலுக்கு உண்மையிலேயே கொள்ளையடிக்கும் வலிமையோடு ஒருவன் வந்தான். வாதாபிச் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். பல்லவனை வென்று, படையோடு காஞ்சிக்குள் நுழைந்தான். கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். நான் சொல்லவில்லை, முன்மண்டபத் தூணில் அவனே கன்னடத்தில் வெட்டிவைத்திருக்கிறான். போனால் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். தோற்ற ஊரின் தூணில், ஜெயித்தவனின் மொழியில், "நான் எடுக்கவில்லை" என்று ஒரு சாசனம்! அதோடு நின்றதா? அவனுடைய வெற்றியின் நினைவாக அரசி லோகமகாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுத்தாள். இன்று அது விருபாட்சர் கோயில். அதன் விமானத்தைப் பார்த்தால் காஞ்சிக் கோயிலுக்கு உறவு என்று தெரியும். கட்டிய தலைமைச் சிற்பி குண்டன் அனிவாரிதாசாரிக்கு "திரிபுவனாசாரி" என்று பட்டம் கொடுத்து, அதையும் கல்லில் எழுதினார்கள். படையெடுத்து வந்தவனின் ஊரிலும் கோயில் எழவைத்தது எது, நடுவர் அவர்களே? பார்த்த கண்!

இனி பூசலார் நாயனார். எதிரணித் தங்கை உருகி உருகிச் சொன்னார். "திருநின்றவூர்ப் பூசலார் கல் இல்லாம, காசு இல்லாம, மனசுக்குள்ளயே கோயில் கட்டினாரு. அரசன் கட்டின கற்றளிக்கு, அதான் கல் கோயிலுக்கு, குடமுழுக்கு நாள் குறிச்சா, சிவபெருமான் கனவுல வந்து, 'நாளைக்கு நான் பூசல் கட்டின கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் வச்சுக்கோ'ன்னாரு. கலை தோத்துச்சு, பக்தி ஜெயிச்சுது!" என்று முடித்தார்.

தங்கச்சி, கதை சரி. பாதியில் நிறுத்திவிட்டாய். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் நிறுத்தவில்லையே!

மனத்துக்குள் கட்டுகிற கோயில்தானே? கண்ணை மூடி, "கோயில் வந்துவிடு" என்றால் வந்திருக்காதா? பூசலார் அப்படிச் செய்யவில்லை. முதலில் பொருள் தேடினார், மனத்தால். பிறகு கருவிகள், மனத்தால். பிறகு தச்சரைத் தேடினார். கவனியுங்கள், மனக்கோயிலுக்கும் தச்சர் வேண்டியிருக்கிறது! நல்ல நாள் பார்த்தார். இரவிலும் கண் துயிலாமல் எடுத்தார். எங்கே தொடங்கினார்? "அடிமுதல் உபானமாதி" என்கிறது பெரியபுராணம். உபானம் என்பது அடித்தளத்தின் முதல் படை, தரையை ஒட்டிக் கிடக்கும் வரிசை. நாம் அதன்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போகிறோம். மனத்துக்குள் கட்டினவர் அதைக்கூட விடவில்லை. சிகரத்தை முழக்கணக்குப் போட்டு உயர்த்தினார். மனத்துக்குள் முழம் போட்டு அளக்கிறார், ஐயா! தப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் அளந்தார். "தூபியும் நட்டு", அதாவது உச்சிக் கலசமும் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டினார். "நெடிதுநாள்" ஆயிற்று என்கிறார் சேக்கிழார். நினைத்த நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நெடுநாள்!

அவசரமாகக் கட்டியிருந்தால் சிவபெருமான் குடிவந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். தங்கச்சி, பூசலார் உன் அணியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் ஓட்டு எங்களுக்குத்தான் போடுவார். காடவர்கோன், அதாவது பல்லவ அரசன், கட்டிய அந்தக் கற்றளி இந்தக் கைலாசநாதர்தான் என்பார்கள். ஆகவே அங்கே போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பூசலார் கட்டிய வரிசையிலேயே பாருங்கள். உள்ளே நுழைந்ததும் கோபுரத்தை அண்ணாந்து படம் எடுக்காதீர்கள். குனிந்து உபானத்தில் தொடங்குங்கள். அதிட்டானம் என்கிற அடித்தளம், சுவர், அதில் முன்காலைத் தூக்கி நிற்கும் சிங்கத் தூண்கள், கூரை, கழுத்து, சிகரம், கடைசியில் தூபி. ஒரு சுற்று அடியை மட்டும் பாருங்கள், மறுசுற்றில் சுவரை, மூன்றாவதில் மேலே. கழுத்தும் வலிக்காது, எதுவும் தப்பாது.

மணி அடிக்கிறீர்கள், நடுவர் அவர்களே, தெரிகிறது. ஒன்றே ஒன்று.

கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். தீபாராதனை காட்டுவார்கள். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். லிங்கத்துக்குப் பின்சுவரைப் பாருங்கள். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை. சிவன், உமை, முருகன்: சோமாஸ்கந்தர். பல்லவச் சிற்பிகளுக்கு இந்தக் குடும்பத்தின்மேல் தீராத ஆசை. சிற்றாலயங்களிலும் இவர்களையே திரும்பத் திரும்ப வைத்தார்கள். ஒன்றில் ஓவியமாகவும் தீட்டினார்கள். அதில் வண்ணம் பெரும்பகுதி போய்விட்டது, கோடு போகவில்லை.

அரசனின் விருதுப் பெயர்களை மதில்சுற்றெங்கும் இருநூறுக்கு மேல் வெட்டினார்கள். இன்று அவற்றைப் படிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையைப் படிக்க எழுத்து வேண்டாம். வரிசையில் நிற்கிற, பள்ளிக்கூடம் பார்த்திராத ஒரு பாட்டி எட்டிப் பார்க்கிறாள். மூர்த்தி பெயர் தெரியாது, பல்லவன் யார் என்று தெரியாது. "அம்மா மடியில புள்ளை" என்கிறாள். வெளியூருக்குப் போன தன் பிள்ளையை நினைத்துக்கொள்கிறாள். கண்ணைத் துடைக்கிறாள். 1300 வருஷத்துக்கு அப்பால் இருந்து ஒருவன் உளி பிடித்து அவளை அழவைத்திருக்கிறான்.

அவளுடைய அந்தக் கண்ணீரைப் பக்தி என்று எதிரணி உரிமை கொண்டாடட்டும், கொடுத்துவிடுகிறேன். அந்தப் பிள்ளையை வெட்டிய கை எங்களுடையது. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.